பெயர் சூட்டிய பெருந்தகை
வீரமாமுனிவர் வாழ்வும், அவர் ஏட்டில் பிறந்த பெயர்களும்

நம் பங்கின் யூபிலி மலருக்குச் செய்தி திரட்டுவதற்காகப் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளைப் புரட்டிக்கொண்டிருந்தோம். செல்லரித்த தாள்களில் அடைக்கலம், பெரியநாயகம், சூசை, அருளப்பன், சின்னப்பன், வியாகுலம், ஞானப்பிரகாசம் என்று பக்கம் பக்கமாகப் பெயர்கள். அருகில் இருந்த இளைஞர் ஒருவர், இப்பெயர்கள் எந்த மொழி, யார் வைத்தது என்று கேட்டார். அவருடைய கொள்ளுத்தாத்தாவின் பெயரே அடைக்கலம்தான். ஆயினும் அப்பெயருக்கும், நாம் ஆண்டுதோறும் பாதயாத்திரை போகிற ஏலாக்குறிச்சிக் கோவிலுக்கும் உள்ள உறவு அவருக்குத் தெரியவில்லை. குற்றம் அவருடையது அன்று. சொல்லிக் கொடுக்காத நம்முடையது. ஆகவே, பெரம்பலூர், அரியலூர் சீமையில் வாழும் நாம் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய ஒரு குருவானவரின் வரலாற்றை, அவர் சூட்டிய பெயர்களின் வழியாகவே இங்கு சொல்ல முன்வந்தோம்.

பிறப்பும் பயணமும்

இத்தாலி நாட்டில் மாந்துவா நகருக்கு அடுத்த கஸ்திலியோனே என்னும் ஊரில் 1680-ம் ஆண்டு நவம்பர் 8-ம் நாள் பிறந்தார் கொன்ஸ்தான்சோ யோசேப்பு பெஸ்கி. இளைஞர்களின் பாதுகாவலரான அர்ச். ஞானப்பிரகாசியார் பிறந்ததும் அதே ஊர்தான். ஞானப்பிரகாசம் என்ற பெயரை நம் வீடுகளில் வைக்கும்போது, நம்மை அறியாமலே பெஸ்கி சுவாமியின் சொந்த ஊர்ப் புனிதரை நினைவுகூருகிறோம்.

1698-ல் சேசு சபையில் சேர்ந்து, 1709-ல் குருப்பட்டம் பெற்றார். மறு ஆண்டே லிஸ்பன் துறைமுகத்தில் கப்பலேறி, 1710-ம் ஆண்டின் இறுதிப் பகுதியில் கோவா வந்து இறங்கினார். 1711-ல் மதுரை மிஷனுக்குள் காலடி வைத்தார். அதன்பின் அவர் தாய்நாடு திரும்பவே இல்லை. முப்பது வயதில் வந்தவர், அறுபத்தாறு வயதில் இந்த மண்ணிலேயே கண்மூடினார்.

முதலில் அவர் மாற்றியது தன் பெயரை. அவருக்கு முன்னே ராபர்ட் தெ நொபிலி தத்துவ போதகர் ஆனார். ஜான் தெ பிரிட்டோ அருளானந்தர் ஆனார். அவ்வழியில், உறுதி என்று பொருள்படும் கொன்ஸ்தான்சோ என்ற தம் பெயரைத் தமிழாக்கித் தைரியநாதர் என்று வைத்துக்கொண்டார். தமிழ்ப் புலமை முதிர முதிர, புலவர் உலகம் அவரை வீரமாமுனிவர் என்று அழைக்கலாயிற்று. இன்றும் அப்பெயரே நிலைத்து நிற்கிறது.

தெற்கே காமநாயக்கன்பட்டி, கயத்தாறு பகுதிகளில் தொடங்கியது அவருடைய பணி. ஆரம்ப ஆண்டுகளிலேயே குருக்கள்பட்டியில் பிடிபட்டுச் சிறையில் அடைக்கப்பட்டு, மரண தண்டனையின் வாசல் வரை சென்று மீண்டார். சுப்பிரதீபக் கவிராயரிடம் தமிழ் பயின்றார் என்பது வழிவழியாக வரும் செய்தி. வேற்று நாட்டுக் குருவானவர் ஒருவர், ஏட்டுச் சுவடியைக் கையில் ஏந்தி, சீவக சிந்தாமணியும் கம்பராமாயணமும் பாடம் கேட்டிருக்கிறார் என்றால், அந்த உழைப்பை நாம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஏலாக்குறிச்சி திருக்காவலூர் ஆனது

கொள்ளிடத்தின் வடகரையில் உள்ள ஏலாக்குறிச்சி அக்காலத்தில் சிற்றூர். ஆற்றுக்குத் தெற்கே தஞ்சை மராட்டிய மன்னரின் ஆட்சி; வடக்கே அரியலூர் மழவராயரின் பாளையம். தஞ்சை நாட்டில் துன்பம் நேர்ந்தபோதெல்லாம் கிறிஸ்தவர்கள் ஆற்றைக் கடந்து இக்கரைக்கு ஓடி வந்தனர். கையில் குழந்தையும் தலையில் மூட்டையுமாக மணலில் நடந்து வந்த அம்மக்களுக்குத் தங்க ஓர் இடம் வேண்டியிருந்தது. அந்த இடத்துக்கு ஒரு பெயரும் வேண்டியிருந்தது.

வீரமாமுனிவர் அவ்வூருக்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டார். காவல் தரும் ஊர் என்பது அதன் பொருள். அங்கு கோவில் கொண்ட தேவமாதாவை அடைக்கல அன்னை என்று அழைத்தார். இப்பெயரைப் புனைய அவர் எந்த அந்நிய அகராதியையும் தேடவில்லை. எதிரே நின்ற மக்களின் கண்ணீரைப் பார்த்தார், பெயர் கிடைத்தது. அடைக்கலம் என்று நம் முன்னோர் பிள்ளைகளுக்குப் பெயர் வைத்ததன் வேர் இங்கேதான் இருக்கிறது. அன்னையின் மீது திருக்காவலூர்க் கலம்பகம் பாடி, அச்சிற்றூரைத் தமிழ் இலக்கியத்திலும் நிலைபெறச் செய்தார்.

அரியலூர் மழவராயருக்கு நேர்ந்த கொடிய ராஜபிளவையை முனிவர் பச்சிலை வைத்து ஆற்றினார் என்றும், நன்றியாக மழவராயர் கோவிலுக்கு நிலம் மானியம் விட்டார் என்றும் நம் பகுதியில் பெரியோர் சொல்வர். இது தலைமுறைகளாகச் செவிவழி வரும் செய்தி. அவ்வாறே இங்கும் எழுதுகிறோம்.

விருத்தாசலத்தை அடுத்த கோனான்குப்பத்திலும் அவர் இதையே செய்தார். அங்கே அன்னைக்குப் பெரியநாயகி என்று பெயர். தமிழ் மக்கள் காலங்காலமாகப் பக்தியோடு உச்சரித்து வந்த ஒரு சொல்லை எடுத்து, தேவமாதாவின் திருப்பெயராக்கினார். பெரியநாயகம், பெரியநாயகி என்ற பெயர்கள் நம் குடும்பங்களில் வந்த கதை இது.

வளன் என்னும் சூசை

இனி, அவர் பெயரை உலகறியச் செய்த தேம்பாவணிக்கு வருவோம். 3 காண்டங்கள், 36 படலங்கள், 3615 பாடல்கள் கொண்ட இப்பெருங்காப்பியம் 1726-ல் நிறைவுற்றது. 1729-ல் அதற்கு அவரே உரையும் எழுதினார். தேன் போன்ற பாக்களால் ஆன அணி என்றும், வாடாத மாலை என்றும் இப்பெயருக்கே இரு வகையாகப் பொருள் சொல்வர்.

காப்பியத்தின் தலைவர் அர்ச். சூசையப்பர். நற்செய்தி நூல்களில் சூசையப்பர் பேசியதாக ஒரு வார்த்தை கூட இல்லை என்பதை நாம் அறிவோம். கனவு காண்கிறார், எழுகிறார், கீழ்ப்படிகிறார், அவ்வளவே. இந்த மௌனத் தச்சரைத் தமிழ்க் காப்பியத் தலைவராக்க வேண்டுமானால், வேதாகமத்தில் சொல்லாதவற்றையும் பக்தியோடு கற்பனை செய்ய வேண்டும். ஸ்பெயின் நாட்டுத் துறவி ஆகிர்த மரியம்மாள் எழுதிய தியான நூல் அவருக்குப் பெரிதும் துணை செய்தது. ஆனால் கதை கிடைத்தால் மட்டும் போதுமா? மாந்தர்க்கும் ஊர்களுக்கும் பெயர் வேண்டுமே. எபிரேயப் பெயர்களை அப்படியே வைத்தால் தமிழ்ச் செய்யுள் ஏற்குமா? இங்கேதான் முனிவரின் நுண்ணறிவு விளங்குகிறது.

அவர் இரண்டு வழிகளைக் கையாண்டார். முதலாவது, ஒலியைத் தமிழ்ப்படுத்துதல். தமிழ் இலக்கணம் எந்த எழுத்தை மொழிக்கு முதலில் அனுமதிக்கிறதோ, எதை இறுதியில் அனுமதிக்கிறதோ, அதற்கேற்பப் பெயரை வளைத்தார். யூதேயா சூதேய நாடு ஆயிற்று. எகிப்து எசித்து ஆயிற்று. தாவீது அரசர் தாவிதன் ஆனார். கேட்பவர் காதுக்கு அவை வேற்றூர்ப் பெயர்களாகவே படுவதில்லை.

இரண்டாவது, பொருளைத் தமிழ்ப்படுத்துதல். யோசேப்பு என்னும் எபிரேயப் பெயருக்கு, கடவுள் பெருகச் செய்வாராக என்பது கருத்து. பெருக்கம் என்றால் தமிழில் வளம். ஆகவே சூசையப்பருக்கு வளன் என்று பெயர் சூட்டினார். யோவான் என்றால் கடவுளின் இரக்கம். ஆகவே ஸ்நாபக அருளப்பருக்குக் கருணையன் என்று பெயர். இரண்டும் காவிரிக் கரையில் பிறந்த பிள்ளைகளின் பெயர்கள் போலவே ஒலிக்கின்றன அல்லவா?

பெயர் மாறியதோடு நிலமும் மாறியது. நாட்டுப் படலம், நகரப் படலம் ஆகியவற்றில் சூதேய நாட்டை வருணிக்கும் முனிவர், பாலைமணலை மட்டும் காட்டவில்லை. நீர் நிறைந்த வயலும், தாமரை பூத்த குளமும், நெற்கதிரும் அங்கே தோன்றுகின்றன. கொள்ளிடக் கரையில் அமர்ந்து எழுதியவர் கண்ணில் பட்டது அதுதானே! பெத்லகேமைத் தேடி நாம் போக வேண்டாம், பெத்லகேமே நம்மைத் தேடி வந்துவிட்டது என்று தோன்றும்படி எழுதினார்.

கருணையன் வனத்தில் தன் தாய் எலிசபெத்தம்மாளை அடக்கம் செய்துவிட்டுப் புலம்பும் பகுதி நெஞ்சை உருக்கும். நற்செய்தியில் இல்லாத காட்சி அது. தாயை இழந்த பிள்ளையின் அழுகைக்கு மரமும் செடியும் பறவையும் சேர்ந்து அழுவதாகப் பாடுகிறார். தாயைப் பிரிந்து கடல் கடந்து வந்து, மீண்டும் காணாமலே போன ஒரு மகன் எழுதியவை அவ்வரிகள் என்பதை நினைக்கும்போது நம் கண்ணும் கலங்குகிறது. 2019-ல் வெளிவந்த பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் இப்பகுதி இடம்பெற்றது. எம்மதத்துப் பிள்ளைகளும் கருணையன் என்ற பெயரைப் படித்தார்கள். நம் பங்கின் பிள்ளைகளில் எத்தனை பேர் அது ஸ்நாபக அருளப்பர் என்று ஆசிரியருக்கு எடுத்துச் சொன்னார்களோ!

இவ்வளவு பெரிய நூல் அச்சேறியது 1851 முதல் 1853 வரையில், புதுச்சேரியில். முனிவர் பாடி முடித்து 125 ஆண்டுகள் கழித்தே அது நடந்தது. அதுவரை கையால் எழுதிய படிகளே வளனையும் கருணையனையும் காப்பாற்றித் தந்தன. பெயர் தெரியாத அந்தப் படியெடுத்தோர்க்கும் நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

ஐந்து சீடர்கள்

பெரிய காப்பியம் பாடிய அதே கை, சிரிப்புக் கதையும் எழுதியது. பரமார்த்த குருவின் கதையை அறியாதவர் நம்மில் யார்? மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்று ஐந்து சீடர்கள். அவர்களுக்கு ஏற்ற குரு பரமார்த்தர். ஆறு விழித்திருக்கிறதா, உறங்குகிறதா என்று அறியக் கொள்ளிக்கட்டையை நீரில் வைத்துப் பார்த்தவர்கள். கரையேறிய பின் தன்னை விட்டுவிட்டு மற்றவர்களை எண்ணி, ஒருவர் ஆற்றோடு போனார் என்று அழுதவர்கள். பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று நம்பி வாங்கியவர்கள்.

இங்கேயும் பெயர்களைக் கவனிக்க வேண்டும். ஐந்து பெயரும் ஏறக்குறைய ஒரே பொருள் தருபவை. வெளிநாட்டிலிருந்து வரும் இளம் குருமார் மக்கள் பேசும் தமிழை எளிதாகக் கற்க வேண்டும் என்பதற்காக எழுதப்பட்ட நூல் இது. அவரே லத்தீனிலும் இதை மொழிபெயர்த்து வைத்தார். அறிவின்மைக்குத் தமிழில் எத்தனை சொல் உண்டு என்பதைச் சீடர்களின் பெயராலேயே கற்பித்துவிட்டார் போலும்! 1822-ல் பாபிங்டன் என்பவர் தமிழும் ஆங்கிலமுமாக லண்டனில் இதைப் பதிப்பித்தார். 1861-ல் அங்கேயே வந்த இன்னொரு ஆங்கிலப் பதிப்பில் குரு சிம்பிள் ஆனார். சீடர்கள் நூடில், டூடில், வைசேக்கர், ஜேனி, பூசில் ஆனார்கள். யோசேப்பை வளன் ஆக்கியவரின் மட்டியை, ஆங்கிலேயர் நூடில் ஆக்கிவிட்டனர். பெயரைப் பெயர்த்தவரின் பெயர்களும் பெயர்க்கப்பட்டன.

ஒன்று மட்டும் சொல்லியாக வேண்டும். மிலேச்சன் என்பது பிற இனத்தாரை இகழ்ந்து வழங்கிய சொல். கதையில் அது சிரிப்பூட்டினாலும், அப்படிப்பட்ட பெயரால் ஒரு மனிதனை அழைப்பது எவ்வளவு புண்படுத்தும் என்பதை நாம் அறிவோம். பெயர் மனிதனை உயர்த்தவும் செய்யும், தாழ்த்தவும் செய்யும். பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடும் வழக்கம் நம் தெருக்களில் இன்னும் ஒழியவில்லை. நம் பிள்ளைகளுக்கு இதையும் சொல்லி வளர்ப்போமாக.

சொற்களின் காவலர்

1727-ல் வேதியர்களுக்காக வேதியர் ஒழுக்கம் எழுதினார். 1730-ல் எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி ஐந்தையும் சொல்லும் தொன்னூல் விளக்கம். 1732-ல் சதுரகராதி. பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதிகளாக, சொற்களை அகர வரிசையில் அடுக்கித் தந்த அகராதி இது. அதற்கு முன் தமிழ்ச் சொல்லுக்குப் பொருள் அறிய நிகண்டுச் செய்யுளை மனப்பாடம் செய்திருக்க வேண்டும். ஓலைச்சுவடியில் குறிலும் நெடிலும் மயங்கி நின்ற எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் இன்று நாம் எழுதும் வேறுபாட்டை வகுத்தவரும் அவரே. வீட்டில் பிள்ளை சிலேட்டில் இரட்டைக் கொம்பு போடும்போதெல்லாம் ஏலாக்குறிச்சிச் சாமியார் கூடவே இருக்கிறார். திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீனில் மொழிபெயர்த்தார்.

முனிவரும் மனிதரே. தரங்கம்பாடி லுத்தரன் சபையாரோடு அவர் நடத்திய எழுத்துப் போரில் கடுஞ்சொற்கள் உண்டு. அக்காலத்து மனப்பான்மை அது. பிரிந்த சகோதரரோடு சேர்ந்து செபிக்கும் இந்நாளில், அந்த வார்த்தைகளை நாம் பின்பற்ற வேண்டியதில்லை. அவரைப் பற்றிய அற்புதக் கதைகளும் பல. புதுச்சேரி முத்துசாமிப் பிள்ளை அவருடைய ஏடுகளைத் தேடித் திரட்டி, 1822-ல் அவர் வரலாற்றை எழுதினார். அப்போதே முனிவர் மறைந்து 75 ஆண்டுகள் ஆகிவிட்டன. சந்தா சாகிபின் திவானாக இருந்தார், பல்லக்கில் பவனி வந்தார் என்பவற்றையெல்லாம் வழக்காறு என்ற அளவில் ஏற்பதே முறை. ஏட்டில் நிற்கும் அவருடைய உழைப்பே போதுமான அற்புதம். பொய்யான அணி அவருக்கு வேண்டாம்.

இறுதி நாட்கள்

1741-ல் மராட்டியர் திருச்சியைக் கைப்பற்றினர். நாடெங்கும் போரும் குழப்பமும். முதுமையும் உழைப்பும் தளர்த்திய உடலோடு முனிவர் தெற்கே சென்றார். இறுதியில் மலையாள நாட்டில் அம்பழக்காட்டிலிருந்த சேசு சபை மடத்தில் 1747-ம் ஆண்டு பெப்ருவரி 4-ம் நாள் ஆண்டவரில் துயில்கொண்டார். எந்த மண்ணுக்குப் பெயர் சூட்டினாரோ, அந்தத் திருக்காவலூரில் அவருக்குக் கல்லறை அமையவில்லை. 1968-ல் உலகத் தமிழ் மாநாட்டின்போது சென்னைக் கடற்கரையில் அவருக்குச் சிலை எழுந்தது. நம்மைப் பொறுத்தவரை, நம் பதிவேடுகளே அவருக்கு நினைவுச் சின்னம்.

நம் கடமை

காலம் மாறுகிறது, பெயர்களும் மாறுகின்றன. 1995-ல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் அருளப்பர் யோவான் ஆனார். சின்னப்பர் பவுல் ஆனார். எல்லாச் சபையாரும் ஒரே வேதாகமம் வாசிப்பதற்காக நேர்ந்த நல்ல மாற்றம் அது, குறை சொல்வதற்கில்லை. ஆனால் பீடத்திலிருந்து போன பெயர் வீட்டிலிருந்தும் போய்விடின், நம் தாத்தா பாட்டிமாரின் விசுவாசத்தைப் படிக்கும் திறவுகோலையே நாம் தொலைத்தவர்களாவோம். இன்று பிறக்கும் குழந்தைகளுக்குப் பெற்றோர் ஆசையோடு வைக்கும் பெயர்கள் பலவற்றுக்குப் பொருள் கேட்டால், அவர்களுக்கே தெரிவதில்லை.

பழைய பெயர்களையே வைக்க வேண்டும் என்று நாம் கட்டளையிட வரவில்லை. புதுப்பெயர் புனைவதில் முனிவரே நமக்கு முன்னோடி. ஆனால் அவர் ஒரு பெயரைச் சூட்டுமுன் அதன் பொருளை அறிந்தார். அதை ஏற்கும் மக்களின் காதையும் மனத்தையும் அறிந்தார். நாமும் அவ்வாறே செய்வோம். யூபிலி ஆண்டின் நினைவாக ஒவ்வொரு குடும்பமும் தன் முன்னோர் பெயர்களை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றின் பொருளையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தால், அது இவ்விழாவின் சிறந்த காணிக்கையாகும். அன்று கேள்வி கேட்ட இளைஞர், தம் கொள்ளுத்தாத்தாவின் பெயருக்குப் பொருள் அறிந்ததும், பதிவேட்டின் அந்தப் பக்கத்தை மீண்டும் ஒருமுறை பார்க்க வேண்டும் என்றார். விரலை அந்தப் பெயரின் மீது வைத்து நெடுநேரம் நின்றார்.

ஆற்றைக் கடந்து வந்தோர்க்கு அடைக்கலம் தந்த அன்னை, நம்மையும் நம் பிள்ளைகளையும் தம் காவலில் வைத்துக் காப்பாராக. சூசையப்பரை நமக்கு வளனாகத் தந்த வீரமாமுனிவரின் ஆன்மா இறைவனில் இளைப்பாறுவதாக.